நியாயசாஸ்திரிகளுக்கு ஓர் அழைப்பு

(நகர வழக்கறிஞர்களுக்காக எங்கள் ஆஸ்பத்திரிச் சிற்றாலய மண்டபத்தில் கூட்டப்பட்ட மாலைக் கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை. நம் ஆதரவாளர்கள் யாவரும் அறிந்திருக்க வேண்டிய காரியமாகையால் இங்கே வெளியிடுகிறோம்.)

மதிப்பிற்குரிய வழக்கறிஞர் ஐயாமாரே, அம்மாமாரே, ஆடிட்டர் ஐயா அவர்களே, சார்பதிவாளராயிருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி அவர்களே, ஆஸ்பத்திரிக் குடும்பத்தாரே!

கோர்ட்டு முடிந்து, கட்சிக்காரர்களை அனுப்பிவிட்டு, வீட்டில் காப்பி குடிக்க வேண்டிய நேரத்தில் இங்கே வந்திருக்கிறீர்கள். காப்பியை நாங்கள் ஆயத்தப்படுத்தியிருக்கிறோம். ஆனால் பேச்சு முடிந்த பிறகுதான் கிடைக்கும். இருபது வருஷம் கழித்துத் தீர்ப்பு வந்தாலும் பொறுத்திருக்கிற உங்களுக்கு இருபது நிமிஷம் பெரிதல்ல என்ற தைரியத்தில் தொடங்குகிறோம்.

எந்த மிஷன் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாலும் நல்ல சமாரியன் படம் ஒன்று சுவரில் தொங்கும். எங்கள் வெளிநோயாளர் பகுதியிலும் தொங்குகிறது. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கி, காயம் கட்டி, சத்திரத்துக்காரனிடம் பணமும் கொடுத்துப்போன அந்த மனுஷனைப் பார்த்தே எங்கள் டாக்டர்மாரும் நர்ஸ்மாரும் இந்த ஊழியத்துக்கு வந்தார்கள். ஆனால் அந்த உவமை பிறக்கக் காரணமாயிருந்தவர் யார்? லூக்கா 10-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஒரு நியாயசாஸ்திரி, அதாவது ஒரு வக்கீல், எழுந்து நின்று, அயலான் என்பதற்கு வரையறை கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாகவே ஆண்டவர் அந்த உவமையைச் சொன்னார். ஆகவே ஆஸ்பத்திரி ஊழியத்தின் வாசலில் முதலில் நின்றவர் உங்கள் தொழிலைச் சேர்ந்தவர்தான். இன்று அந்த வாசலுக்குள் உங்களை அழைக்கிறோம்.

எதற்காக அழைக்கிறோம் என்பதை விளக்க, எங்கள் தவறு ஒன்றை முதலில் அறிக்கை செய்ய வேண்டும்.

1996-இல் நடந்தது. நாங்கள் போதக ஊழியத்துக்குப் புதிது. முப்பது வயதைத் தாண்டிய வேகம். பெண்கள் வார்டில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் படுத்திருந்தார். கலியாணம் செய்துகொள்ளாதவர். பெற்றோர் மரித்துப்போயினர். புற்றுநோய் முற்றியிருந்தது. தினமும் மாலையில் அவர் கட்டிலருகே சங்கீதம் வாசித்து ஜெபிப்போம். ஒரு நாள் டீச்சரம்மா கையைப் பிடித்துக்கொண்டு, “ஐயரே, ஊரிலே எனக்கு ஒரு வீடு இருக்கு. அதை இந்த ஆஸ்பத்திரிக்கே எழுதி வச்சிடணும். நீங்களே எழுதுங்க” என்றார்.

எங்களுக்கு மனம் நிறைந்துபோயிற்று. பிரசவ வார்டுக்குக் கூரை மாற்றப் பணமில்லாமல் அலைந்த நேரம். கர்த்தர் ஜெபத்தைக் கேட்டார் என்று எண்ணி, ஆஸ்பத்திரியின் பெயர் அச்சிட்ட தாளிலேயே உயிலை எழுதினோம். டீச்சரம்மா கையெழுத்துப் போட்டார். கட்டிலருகே நின்ற நர்ஸ் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். இன்னொரு சாட்சி வேண்டுமே என்று தாளை எடுத்துக்கொண்டு வராந்தாவின் மறுகோடிக்குப் போய், டியூட்டி அறையிலிருந்த கம்பவுண்டரிடம் வாங்கினோம். பதினோராம் நாள் டீச்சரம்மா மரித்தார். அடக்க ஆராதனையை நாங்களே நடத்தினோம்.

இரண்டு மாதத்துக்குப் பின் ஒரு பையன் தன் தாயைக் கூட்டிக்கொண்டு எங்கள் அறை வாசலில் வந்து நின்றான். லாரியில் கிளீனர் வேலை பார்க்கிறவன். அந்தத் தாய் டீச்சரம்மாவின் உடன்பிறந்த தங்கை, விதவை. பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டின் பின்கட்டிலே குடியிருந்து அக்காளுக்குச் சோறு பொங்கிப் போட்டவர். அவர் சண்டை போட வரவில்லை. “நாங்க எப்ப காலி பண்ணணும்னு சொல்லிட்டா, அதுக்குள்ள ஒரு இடம் பார்த்துக்குவோம் ஐயரே” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி இன்றுவரை எங்களைவிட்டுப் போகவில்லை. கட்டிலருகே உட்கார்ந்து எத்தனையோ கேட்டோம். வலி எப்படி, தூக்கம் எப்படி, மன்னிக்க வேண்டியவர்கள் உண்டா என்றெல்லாம் கேட்டோம். அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று மாத்திரம் கேட்கவில்லை.

மறுநாள் தாளை எடுத்துக்கொண்டு இந்த ஊரின் மூத்த வக்கீல் ஒருவரிடம் போனோம். அவர் இப்போது உயிரோடில்லை. கிறிஸ்தவர் அல்ல, எங்கள் ஆஸ்பத்திரியில் பிறந்தவர். கண்ணாடியைப் போட்டு ஒரே வாசிப்பில் முடித்துவிட்டு, “இது செல்லாதுங்க, ஐயர்” என்றார். இரண்டு காரணங்கள் சொன்னார். உங்களுக்குத் தெரிந்தவைதான், இங்கே இருக்கும் நர்ஸ்மாருக்காகச் சொல்லுகிறோம்.

முதலாவது, 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு. உயிலுக்குக் குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒவ்வொருவரும் எழுதுகிறவர் கையெழுத்திடுவதைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது இது என் கையெழுத்து என்று அவர் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். அதோடு, சாட்சி தன் கையெழுத்தை அவர் முன்னிலையிலேயே போட வேண்டும். டியூட்டி அறையில் போட்டது அவர் முன்னிலையில் போட்டதாகாது.

இரண்டாவது, அதே சட்டத்தின் 118-ஆம் பிரிவு. நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர் ஒருவர் தர்ம காரியத்துக்கோ சபைக்கோ சொத்து எழுதி வைப்பதானால், அந்த உயிலை மரணத்துக்குப் பன்னிரண்டு மாதத்துக்கு முன்பாகவே எழுதியிருக்க வேண்டும். எழுதிய ஆறு மாதத்துக்குள் சட்டம் குறித்த பாதுகாப்பான இடத்தில் ஒப்படைத்திருக்கவும் வேண்டும். பதினோரு நாளில் மரித்தவரின் உயில் இந்த வேலியைத் தாண்டாது.

ஆஸ்பத்திரி நிர்வாகக் குழுவில் சிலர், “வழக்குப் போட்டுப் பார்ப்போம், டீச்சரம்மாவின் விருப்பம் அதுதானே” என்றார்கள். அந்த மூத்த வக்கீல் மறுத்துவிட்டார். “வழக்கு நிற்காது. நின்றாலும் நான் நடத்தமாட்டேன். ஒரு விதவையை வெளியே அனுப்பிவிட்டு அந்தக் காசில் யாருக்குப் பிரசவம் பார்ப்பீர்கள்?” என்றார். நிர்வாகக் குழு உயிலைக் கைவிட்டது. பிள்ளைகளும் பெற்றோரும் இல்லாதபடியால், உயிரோடிருந்த ஒரே உடன்பிறப்பாகிய தங்கைக்கு வீடு போயிற்று. பிரசவ வார்டின் கூரை இன்னும் மூன்று வருஷம் ஒழுகியது. அந்த வாளிகளைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு வெட்கம் இருந்தது, பாரம் இல்லை.

அன்பானவர்களே, 118-ஆம் பிரிவின் கதை அதோடு முடியவில்லை. கேரளத்தைச் சேர்ந்த ஜான் வள்ளமட்டம் என்ற குருவானவர் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். மற்ற மதத்தார் தர்மத்துக்கு எழுதி வைக்க இல்லாத தடை கிறிஸ்தவனுக்கு மாத்திரம் ஏன் என்பது கேள்வி. தலைமை நீதிபதி வி. என். கரே அவர்கள் தலைமையிலான மூன்று நீதிபதிகள் 21-7-2003 அன்று தீர்ப்புச் சொன்னார்கள். அந்தப் பிரிவு அரசியல் சட்டத்தின் 14-ஆம் பிரிவுக்கு, அதாவது சமத்துவ உரிமைக்கு, முரணானது என்று நீக்கப்பட்டது.

நாங்களும் சந்தோஷப்பட்டோம். நீதியான தீர்ப்பு. ஒரு கிறிஸ்தவன் தன் சொத்தைத் தர்மத்துக்குக் கொடுக்க மற்றவர்களுக்குள்ள சுதந்தரம் அவனுக்கும் வேண்டும். ஆனாலும் அன்று இரவு டீச்சரம்மாவின் தங்கை நினைவுக்கு வந்தார். அந்தப் பிரிவு பாரபட்சமான வேலிதான். ஆனால் அதற்குள்ளே ஒரு பழைய பயம் இருந்தது. மரணப் படுக்கையில் இருக்கிறவரிடம் போதகர் உட்கார்ந்து பேசினால், குடும்பத்தாரின் கையிலிருந்து சொத்து நழுவிப்போகும் என்ற பயம். அது வீண் பயம் என்று சொல்ல எங்களுக்கு வாயில்லை. நாங்களே அதற்குச் சாட்சி.

சட்டம் போட்ட வேலி போயிற்று. இனி அந்த இடத்தில் யார் நிற்பது? இந்தக் கேள்விக்காகவே உங்களை வரவழைத்தோம்.

வேறு பாதுகாப்புகள் இல்லாமற் போகவில்லை. ஓயாமல் வற்புறுத்தி, எழுதுகிறவரின் சுயாதீனத்தைப் பறித்து வாங்கிய உயில் செல்லாது என்று 61-ஆம் பிரிவு சொல்லுகிறது. வியாதியினாலோ வேறு காரணத்தாலோ தான் செய்வது இன்னதென்று அறியாத நிலையில் எழுதியதும் செல்லாது என்கிறது 59-ஆம் பிரிவு. உயிலால் பெரும் பயன் அடைகிறவரே அதை எழுதுவதில் முன்னின்று நடந்திருந்தால் அது சந்தேகத்துக்கிடமான சூழ்நிலை. சந்தேகத்தைத் தீர்க்கும் பொறுப்பு உயிலை முன்வைப்பவருடையது என்று 1958-இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இவையெல்லாம் வழக்கு வந்த பிறகு உதவும் மருந்து. ஆஸ்பத்திரியில் இருக்கிற எங்களுக்குத் தெரியும், வந்தபின் கொடுக்கும் மருந்தைவிட வருமுன் போடும் ஊசி மலிவு.

ஒரு ஆஸ்பத்திரியின் நிலையை யோசித்துப் பாருங்கள். எழுதுகிறவர் எங்கள் கட்டிலில் படுத்திருக்கிறார். வலிக்கு மார்பின் கொடுக்கிறவர்கள் நாங்கள். புத்தி தெளிவாயிருக்கிறது என்று சான்று கொடுக்கப்போகிறவரும் எங்கள் டாக்டர். சாட்சிக் கையெழுத்துக்கு நிற்பவரும் எங்கள் ஊழியர். பயனடைவதும் நாங்கள்! இத்தனையும் ஒரே கூரையின்கீழ் நடந்தால், நாங்கள் எவ்வளவு உத்தமராயிருந்தாலும் நாளைக்குக் கூண்டில் ஏறி எதைச் சொல்லுவோம்?

ஆண்டவர் இதைக் குறித்துக் கடிந்துகொண்ட இடம் ஒன்று மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தாய் தகப்பனைத் தாங்க வேண்டிய பொருளை, இது கொர்பான், தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லித் தப்பித்துக்கொண்ட வழக்கத்தை அவர் கண்டித்தார். தேவனுடைய பெயரால் வருகிற காணிக்கையிலும் ஒருவருடைய சோறு கலந்திருக்கக் கூடும் என்று அறிந்திருந்தார். காணிக்கை வாங்குகிற ஒவ்வொரு ஸ்தாபனமும் பயத்தோடு வாசிக்க வேண்டிய பகுதி இது.

அப்படியானால் உயில் வழியாக வரும் காணிக்கையே வேண்டாமா? வேண்டாம் என்று சொல்லமாட்டோம். மரித்தவர்களின் பெயரால் கொடுக்கப்பட்டவை எத்தனை உயிர்களைக் காத்திருக்கின்றன! வேலூரின் கதை உங்களுக்குத் தெரியும். டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் இந்தியாவுக்குத் திரும்பியபோது கையில் இருந்தது, நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்ற வங்கியாளர் தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலர். அதில் எழும்பியதுதான் 1902-இல் திறக்கப்பட்ட 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி. அது உயில் அல்ல, உயிரோடிருந்த புருஷன் கொடுத்தது. ஆனால் மரித்த ஒருவரின் நினைவு வாழ்கிறவர்களுக்குக் கட்டிலாக மாறும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. எங்கள் குழந்தைகள் வார்டில் இருக்கும் தொட்டில்களில் பாதி அப்படி வந்தவையே. நேர்மையான கொடை நேர்மையாக வந்துசேர வேண்டும். அதுவே எங்கள் வாஞ்சை.

ஆகவே தொழில்சார் ஆலோசனைக் குழு ஒன்றை அமைக்க நிர்வாகக் குழு தீர்மானித்திருக்கிறது. வக்கீல்கள் ஐவர், ஆடிட்டர் ஒருவர், பதிவுத்துறையில் அனுபவமுள்ளவர் ஒருவர், ஆக ஏழு பேர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, கோர்ட்டு முடிந்த மாலையில், இரண்டு மணி நேரம் கூடினால் போதும். வேலைகள் இவை:

முதலாவது, ஆஸ்பத்திரிக்கு வருகிற ஒவ்வொரு உயில் கொடையையும் நிலக் கொடையையும் ஏற்றுக்கொள்ளுமுன் வாசித்துப் பார்ப்பது. அந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்பது. வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வேண்டாம் என்று எங்களுக்குச் சொல்லுவது. இதுதான் முக்கியமான வேலை. பணத்தைக் கொண்டுவரும்படி உங்களைக் கேட்கவில்லை. சில பணத்தைத் தடுக்கும்படி கேட்கிறோம்.

இரண்டாவது, வார்டுகளுக்கு ஒரு ஒழுங்கை எழுதித் தருவது. நாங்கள் நினைத்திருப்பது இது: ஆஸ்பத்திரிக்குப் பயன் தரும் எந்த உயிலையும் எங்கள் ஊழியர் எவரும் எழுதக் கூடாது, சாட்சி போடக் கூடாது, பத்திரத்தை வைத்துக்கொள்ளவும் கூடாது. நோயாளி கேட்டால், அவருடைய சொந்த வக்கீலை வரவழைக்க வேண்டும். குழுவில் இருக்கும் நீங்கள் ஆஸ்பத்திரிக்கு ஆலோசனை சொல்லுகிறவர்கள்; அதே காரியத்தில் கொடுக்கிறவருக்கும் நீங்களே வக்கீலாக நிற்க முடியாது. புத்தித் தெளிவுக்குச் சான்று வேண்டுமானால் வெளி டாக்டர் தரட்டும். இதைத் திருத்தி, இறுக்கித் தாருங்கள்.

மூன்றாவது, வருஷத்துக்கு இரண்டு முறை சபைகளிலும் ஊர்களிலும் ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. உயிலுக்கும் தான செட்டில்மெண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் எத்தனை வயோதிபர் கையெழுத்துப் போடுகிறார்கள்! உயிலை உயிரோடிருக்கும்வரை மாற்றலாம். வீட்டையோ நிலத்தையோ தானமாகப் பதிவு செய்து கொடுத்துவிட்டால், மனம் மாறியது என்று சொல்லித் திரும்ப வாங்க முடியாது. உயிலைப் பதிவு செய்வது கட்டாயமல்ல. ஆனால் பதிவு செய்யலாம், முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் செய்யலாம். உயில் எழுதாமல் ஒரு கிறிஸ்தவர் மரித்தால், பிள்ளைகளுக்குச் சேரும் பங்கில் மகனும் மகளும் சமம். மகளுக்குச் சீர் செய்தாயிற்று, இனிப் பங்கில்லை என்று நம்புகிற தகப்பன்மார் எங்கள் வார்டுகளில் இன்றும் இருக்கிறார்கள்.

நான்காவது, வெளிநாட்டிலிருந்து வரும் காணிக்கை. இந்தியக் குடியுரிமையை வைத்துக்கொண்டு துபாயில் வேலை செய்யும் மகன் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வேறு. அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்ட மகள் அனுப்புவது வேறு. இரண்டாவது, 2010-ஆம் வருஷத்து வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வரும். 2020 திருத்தத்துக்குப் பின், புது டெல்லியில் ஸ்டேட் பாங்க் பிரதான கிளையிலுள்ள அதற்கென்ற கணக்கில்தான் அதைப் பெற வேண்டும். ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒரே அன்பு. சட்டத்துக்கு இரண்டு வழி. இதில் தவறினால் ஆஸ்பத்திரி முழுவதும் பாதிக்கப்படும்.

உங்கள் மனதில் எழும் கேள்விகள் எங்களுக்குத் தெரியும். பீஸ் கிடையாது. போக்குவரத்துச் செலவும் காப்பியும் உண்டு. ஆஸ்பத்திரியின் வழக்குகளை இலவசமாக நடத்தும்படி கேட்கமாட்டோம்; அதற்கு வேறு வக்கீலை நியமித்து, பீஸ் கொடுப்போம். தொழிலுக்கு விளம்பரம் தேடுவதைப் பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. ஆகவே உங்கள் ஆபீஸ் முகவரியையோ போன் நம்பரையோ எங்கள் மடலில் அச்சிடமாட்டோம். குழுவின் வழியாக அறிமுகமாகிறவர்களை உங்கள் கட்சிக்காரராக்கிக்கொள்ளக் கூடாது என்பதும் ஒரு நிபந்தனை. உங்கள் ஆலோசனை குறிப்பேட்டில் எழுதப்படும். தீர்மானிப்பதும் அதற்குப் பதில் சொல்லுவதும் நிர்வாகக் குழு. “நான் கிறிஸ்தவன் இல்லையே, ஐயர்” என்று ஒருவர் வாசலில் கேட்டார். எங்களைக் காப்பாற்றிய மூத்த வக்கீலும் கிறிஸ்தவர் இல்லை. சமாரியனும் அந்த நியாயசாஸ்திரியின் சபையைச் சேர்ந்தவன் இல்லை.

முடிக்குமுன் ஒரு காட்சி. எரேமியா 32-ஆம் அதிகாரம். பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. தீர்க்கதரிசி காவலில் இருக்கிறார். அந்த வேளையில் ஆனதோத்து ஊரிலுள்ள ஒரு நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். வெள்ளியைத் தராசில் நிறுக்கிறார், பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார், சாட்சிகளை வைக்கிறார். முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று, இரண்டையும் மண்பாண்டத்தில் பத்திரமாக வைக்கும்படி பாரூக்கிடம் கொடுக்கிறார். தேசமே கைவிட்டுப் போகிற நேரத்தில் ஏன் இத்தனை ஒழுங்கு? நாளைக்கு இங்கே ஜனங்கள் மறுபடியும் வீடும் நிலமும் வாங்கி வாழ்வார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. அந்த நம்பிக்கையை அவர் ஜெபத்தில் மாத்திரம் சொல்லவில்லை. சரியான சாட்சிகளோடு பத்திரத்திலும் எழுதினார். பத்திரத்தைச் சரியாக எழுதுவதும் விசுவாசத்தின் கிரியை என்று எரேமியா எங்களுக்குக் கற்பித்தார். டியூட்டி அறையில் சாட்சி வாங்கிய எங்களுக்கு அது தாமதமாகத்தான் புரிந்தது.

மேசையின்மேல் ஒரு தாள் வைத்திருக்கிறோம். மனமிருப்பவர்கள் பெயரை எழுதுங்கள். இன்றைக்கே எழுத வேண்டும் என்ற வற்புறுத்தல் இல்லை. வற்புறுத்தி வாங்கிய கையெழுத்து செல்லாது என்று நீங்களே எங்களுக்குக் கற்பித்திருக்கிறீர்கள்.

இந்த உரையை மடலில் வாசிக்கப்போகும் அன்பான ஆதரவாளர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் ஆஸ்பத்திரிக்கு உயில் வழியாக எதையேனும் கொடுக்க நினைத்திருந்தால், முதலில் எங்களிடம் வராதேயுங்கள். உங்கள் வீட்டில் பேசுங்கள். உங்களை நம்பி யார் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். அவர்களுக்கு வேண்டியதை ஒதுக்கியபின், நல்ல சுகத்தோடிருக்கும் நாளிலே, உங்களுக்கென்று ஒரு வக்கீலை வைத்து எழுதுங்கள். அதற்குப் பின் மீதியாயிருப்பது ஒரு தொட்டிலின் விலையானாலும் ஸ்தோத்திரத்தோடு வாங்கிக்கொள்வோம். உங்கள் குடும்பத்திலோ சபையிலோ மாதத்தில் ஓரிரு மணி நேரம் கொடுக்கக்கூடிய வக்கீல் யாராவது இருந்தால், இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள்.

டீச்சரம்மாவின் தங்கை சில வருஷங்களுக்குமுன் எங்கள் வார்டிலேயே சமாதானத்தோடு கண்மூடினார். கடைசி நாட்களில் ஒரு மாலை, “அக்கா வீட்டுக் கிணத்துல இப்பவும் நல்ல தண்ணி ஐயரே, மகன்கிட்ட சொல்லியிருக்கேன், உங்களுக்கு ஒரு குடம் கொண்டாருவான்” என்றார். கொண்டுவந்தான். குடித்தோம்.

நியாயத்தையும் இரக்கத்தையும் ஒருங்கே நேசிக்கிற ஆண்டவர் உங்கள் ஒவ்வொருவரின் கையின் பிரயாசத்தையும் ஆசீர்வதிப்பாராக. காப்பி ஆறிவிடுமுன் எழுந்திருப்போம். வணக்கம்.